மூன்றாம் மாடிக்கு ஆள் வேண்டும்

1

“ரெண்டு டீ வாங்கிட்டு வா. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. அக்கா பாத்துட்டா ரெண்டும் உனக்குத்தான்னு சொல்லிடு.”

என் கணவர் என்னிடம் கடைசியாகப் பேசியது இதுதான். மதியம் மூன்று மணி. குடலிறக்க அறுவை முடிந்து மூன்றாம் நாள். காலையில் வந்த டாக்டர், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார். நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு லிப்டில் இறங்கினேன். திரும்பி வந்தபோது

(இந்த வாக்கியத்தை ஆறு தடவை தொடங்கிவிட்டேன். ‘திரும்பி வந்தபோது’ என்பதற்குப் பக்கத்தில் எந்தச் சொல்லும் உட்கார மறுக்கிறது. அப்படியே கிடக்கட்டும். அவர் இறந்துவிட்டார். அதைத் தனி வாக்கியமாக எழுத முடிகிறது.)

கதை எழுதும் எண்ணமெல்லாம் எனக்கு இருந்ததில்லை. நாற்பது நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு படிவம் வந்தது. விசாரணைப் படிவம். பெயர், வயது, சேர்த்த தேதி என்று ஆறு கேள்விகளுக்கு நான் பதில் எழுதிவிட்டேன். ஏழாவது கேள்வி இது: ‘இறந்த நாளன்று நோயாளியின் அறை யாருடைய வேண்டுகோளின்பேரில் மாற்றப்பட்டது?’ கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் ‘நோயாளி தரப்பு’. மற்றதில் ‘ஆஸ்பத்திரி தரப்பு’. ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். அதற்கும் கீழே பொடி எழுத்தில், ‘மேலும் விவரம் இருப்பின் தனித்தாளில் எழுதி இணைக்கவும்.’

நீங்கள் வாசிப்பது அந்தத் தனித்தாள். கொஞ்சம் நீண்டுவிட்டது.

2

முதலில் இதை ஆஸ்பத்திரிக் கட்டடத்திலிருந்து தொடங்கியிருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன் என்றாலும் அதில் உங்களுக்குத் தேவையான விஷயம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாடி. மாடிக்குப் பதினாறு அறை. கட்டும்போது ஊர் இந்தப் பக்கமாகத்தான் வளரும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஊர் அந்தப் பக்கமாக வளர்ந்துவிட்டது. அங்கே இன்னொரு பெரிய ஆஸ்பத்திரியும் வந்தது. இங்கே நாற்பத்தெட்டு அறைக்கு ஒரு நாளில் பதினோரு நோயாளி, பன்னிரண்டு நோயாளி. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் இருபது. நோய் குறைந்தால் சந்தோஷப்பட வேண்டிய ஒரே இடத்தில், நோயாளி வந்தால் முகம் மலர்ந்தார்கள்.

காலியாக இருப்பதை நாம் சும்மா இருப்பதாக நினைக்கிறோம். அது அப்படியில்லை. காலி அறைக்கும் தினம் விரிப்பு மாற்ற வேண்டும், தரை துடைக்க வேண்டும், குழாயைத் திறந்து தண்ணீர் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் துரு கலந்து வரும். யாரும் படுக்காத கட்டிலுக்கு ஒரு ஆளின் அரை நாள் தினமும் போகிறது.

என் கணவர் லிப்ட் மெக்கானிக். அந்த ஆஸ்பத்திரி லிப்டில் முதல் நாள் ஏறியதும் உள்ளே இருந்த தகட்டைப் பார்த்துச் சிரித்தார். “பதிமூணு பேர்னு போட்டிருக்கு. நாம ரெண்டு பேர், ஒரு பை. பாவம், இந்த லிப்டுக்கு உடம்பு வணங்காமலே போயிடும்.”

“ஆபரேஷனுக்கு வந்திருக்கீங்க. லிப்டுக்கு வைத்தியம் பாக்காதீங்க.”

“ஆளில்லாத லிப்ட்தாண்டி சீக்கிரம் மக்கர் பண்ணும். ஓடணும் அது.”

3

இப்போது என் கணவரின் அக்கா வர வேண்டும். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். மூன்றாம் மாடியின் பொறுப்பு நர்ஸ். அந்த மாடியில் அவரையும் சேர்த்துப் பதினான்கு பேருக்கு வேலை.

அண்ணியைப் பற்றி ‘நான்’ என்று சொல்லிக்கொண்டே எழுத வரவில்லை. கோபம் முந்திக்கொள்கிறது. அதனால் இந்தப் பகுதியில் நான் இல்லை.

அவர் காலை ஆறரைக்கு மாடிக்கு வந்தார். முதலில் எல்லா அறை விளக்குகளையும் போட்டார். தெருவிலிருந்து பார்த்தால் மூன்றாம் மாடி நிறைந்திருப்பதாகத் தெரிய வேண்டும். திரைகளைப் பாதி இழுத்துவிட்டார். முழுதும் மூடினால் பூட்டிய அறை போல இருக்கும், முழுதும் திறந்தால் கட்டில் தெரிந்துவிடும். பாதி என்பது மூன்று வருட அனுபவம். பிறகு பதினாறு கதவுகளிலும் பதினாறு அட்டைகளை மாட்டினார். நாலு அட்டைகளில் பெயர் இருந்தது. மற்றவற்றில் வெள்ளைத்தாள்.

நிர்வாகத்தின் விதி எளிதானது. ஒரு வாரத்தில் ஒரு நாளாவது நோயாளி படுத்த அறை ‘பயன்பாட்டில் உள்ள அறை’. பதினாறில் எட்டு அறைகளாவது பயன்பாட்டில் இல்லாவிட்டால் மாடியை மூடிவிடுவார்கள். மூடினால் பதினான்கு பேரும் வீட்டுக்கு. அண்ணியிடம் நாலு நோயாளிகள் இருந்தார்கள். நாலு பேரை வைத்து எட்டு அறையை நிரப்புவது எப்படி?

இடம் மாற்றித்தான். இன்றைக்கு 302-ல் இருப்பவர் நாளைக்கு 306. “உங்களுக்குக் காத்தோட்டமா இருக்கும் சார்” என்பார். “இந்த ரூம்ல பாத்ரூம் குழாய் சரியில்லை பாட்டிம்மா, அடுத்ததுக்குப் போயிடலாமா?” நோயாளிகள் நன்றி சொன்னார்கள். அவ்வளவு கவனிப்பை அவர்கள் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவருக்கு அதில் ஒரு வெட்கம் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு பட்டியல் இருந்தது: கண்ணாடி போட்ட நர்ஸுக்குப் படுத்த படுக்கையாக அம்மா, துடைக்கிற அம்மாவுக்கு முழங்கால் வலி, வேறெங்கும் எடுக்கமாட்டார்கள்... பதினான்கு பேரையும் வீட்டு நிலவரத்தோடு அவருக்குத் தெரியும். தப்புச் செய்கிறோம் என்று நினைக்கும்போதெல்லாம் அந்தப் பட்டியலை மனசுக்குள்

* இங்கே நிறுத்துகிறேன். அண்ணி மனசுக்குள் எதை ஓட்டினார் என்று எனக்கு எப்படித் தெரியும்? விளக்கு, திரை, அட்டை மூன்றையும் நான் கண்ணால் பார்த்தேன். இடமாற்றத்தையும் அவரே பிறகு சொன்னார். வெட்கம் மட்டும் நான் வைத்தது. அவருக்கு அது இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தேவைப்படுகிறது.

4

முதல் இரண்டு நாள் என் கணவர் இருந்தது 303. நர்ஸ் மேசைக்கு எதிரிலேயே. லிப்டும் பக்கம். தம்பி என்பதால் அண்ணி அந்த அறையைப் பிடித்துவைத்திருந்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவர் உட்கார்ந்திருந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பக்கத்துக் காலி அறைகளிலிருந்து ஒவ்வொன்றாக என்னை எடுத்துவரச் சொல்லி, முதுகுக்கு மூன்று, காலுக்கு இரண்டு என்று ஐந்து தலையணை. அண்ணி உள்ளே வந்ததும் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“ஏண்டா, இது ஆஸ்பத்திரியா, உன் மாமியார் வீடா?”

“மாமியார் வீட்ல எனக்கு ஒரு தலையணைதான் குடுத்தாங்க. அதுவும் கல்லு மாதிரி. இவகிட்டயே கேளு.”

“எங்க அம்மாவை எதுக்கு இழுக்கறீங்க?”

“சும்மா கிடக்கறதைத்தானேக்கா எடுத்தேன். கேக்க ஆளா இருக்கு?”

“இருக்கு. நான் இருக்கேன். நாளைக்கு ஆள் வந்தா எதைப் போடறது?”

“ஆள் வருமா?”

அண்ணி தலையணை ஒன்றை உருவி அவர் தலையில் செல்லமாக அடித்தார். தையல் வலிக்கும் என்று சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போதுதான் நான் சொன்னேன். தெளிவாக நினைவிருக்கிறது, மறக்க விரும்பியும் போகாத நினைவு: “இந்த ரூம்ல சுவரைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம் அண்ணி. ஜன்னல் பக்கமா கிடைச்சா நல்லாயிருக்கும்.”

“பாக்கறேன்” என்றார் அண்ணி.

அவ்வளவுதான். கேட்டேனா என்றால் கேட்டேன். வேண்டுகோளா என்றால் தெரியாது. கடையில் வெண்டைக்காய் பிஞ்சாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று சொல்வது போலச் சொன்னேன்.

5

இந்தப் பகுதியைக் குறைந்த சொற்களில் எழுத முயன்றிருக்கிறேன்.

மூன்றாம் நாள் வாரக் கடைசி. ஏழு அறை ஆகியிருந்தது. எட்டாவது வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு அண்ணி சக்கர நாற்காலியோடு வந்தார். “வாடா, உனக்கு ஜன்னல் ரூம். உன் பொண்டாட்டி கேட்டுட்டா, மறுக்க முடியுமா?” கண்ணாடி போட்ட நர்ஸ் அப்போது சாப்பிடப் போயிருந்தார். நாங்கள் மூவரும் நடைவழியின் கடைசிக்குப் போனோம். 314. பெரிய ஜன்னல். ஒரு காலி மனை, அதற்கப்பால் மரங்கள். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அண்ணி பதிவேட்டில் அறை மாற்றத்தை எழுதினார். மூன்று மணிக்குக் கீழே வாரக் கூட்டம். அதில் பதிவேட்டைக் காட்ட வேண்டும். கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். நர்ஸிடம் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். அரை மணி நேரக் கூட்டம்தானே.

ஆக, சாப்பிட்டுத் திரும்பி, மூன்று மணிக்கு மாடியில் இருந்த ஒரே நர்ஸைப் பொறுத்தவரை, நோயாளி 303-ல் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார். 314 காலி.

மூன்று பத்துக்கு மேசைப் பலகையில் 314-இன் விளக்கு எரிந்து மணி அடித்தது. நர்ஸ் 302-இன் கதவு வழியாக அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கையிலிருந்த வேலையைத் தொடர்ந்தார். 302-இல் ஒருவருக்கு ஊசி போட நரம்பு கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார். இதற்காக அவரைத் திட்டும் முன் இதையும் கேளுங்கள். அந்த மாடியில் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு துடைக்கிற அம்மா காலி அறைகளைத் துடைப்பார். கட்டிலின் தலைமாட்டைத் துடைக்கும்போது மணியின் பொத்தான்மேல் அவர் முழங்கை படும். தினமும் இரண்டு தடவை, மூன்று தடவை. காலி அறையிலிருந்து மணி அடித்தால் யாரும் ஓடமாட்டார்கள். மூன்று வருடப் பழக்கம். வேறெந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு நர்ஸ் அந்தத் தவறைச் செய்திருக்க முடியாது. அங்கெல்லாம் மணியை அடிப்பவர்கள் நோயாளிகள்.

மணி இரண்டாம் முறையும் அடித்தது. மூன்றாம் முறை நீளமாக. “என்னம்மா, பொத்தான்மேலேயே படுத்துட்டீங்களா?” என்று நர்ஸ் சத்தம் போட்டாராம். அப்போது துடைக்கிற அம்மா பின்னாலிருந்து, “நான் இங்கதானே நிக்கறேன்” என்றாராம்.

மூன்று இருபத்தொன்றுக்கு நர்ஸ் 314-க்குள் நுழைந்தார்.

காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தது. “உடனே போயிருந்தா பிழைச்சிருப்பாரா டாக்டர்?” என்று கேட்டேன். டாக்டர் நல்ல மனிதர். நெடுநேரம் யோசித்தார். “சொல்ல முடியாதும்மா” என்றார்.

* அந்தப் பதினோரு நிமிடமும் நான் கான்டீனில் இருந்தேன். எண்பது நாற்காலி, நான் ஒருத்தி. கான்டீன்காரர் சொன்னார்: “நூறு பேருக்கான பாய்லர்மா இது. உங்க ரெண்டு டீக்கும் அது முழுசா சூடாகணும். கொஞ்சம் உக்காருங்க.” நான் உட்கார்ந்தேன்.

* கீழே கூட்டத்தில் அண்ணி ‘எட்டு அறை’ என்று வாசித்த அதே நொடியில் மேலே மணி அடித்தது என்று முதலில் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவர் வாசித்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

6

அண்ணியைக் கெட்டவராக ஒரு பிரதி எழுதினேன். எளிதாக வந்தது. தன் மாடியைக் காப்பாற்றத் தம்பியைப் பலி கொடுத்த பெண். அந்தப் பிரதியில் அண்ணி மிக நன்றாகப் பேசினார், வாக்கியங்களெல்லாம் கூர்மை. அதனாலேயே சந்தேகம் வந்தது. உண்மையான அண்ணிக்கு அவ்வளவு கோவையாகப் பேச வராது.

உண்மையான அண்ணி படிவம் வந்த நாலாம் நாள் வீட்டுக்கு வந்தார். வந்ததும் நேரே சமையலறைக்குப் போய்த் தொட்டியில் கிடந்த பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினார்.

“வைங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்.”

“நீ ஒண்ணும் பாத்துக்கலை. மூணு நாள் பாத்திரம் கிடக்கு. சாப்பிடறியா இல்லையா?”

“சாப்பிடறேன்.”

“ஒரு தட்டுதான் இருக்கு.”

“ஒரு ஆள்தானே.”

குழாயை மூடினார். முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார்.

“படிவம் வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“ஏழாவது?”

“இன்னும் போடல.”

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். ஒன்றரை மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது.

“நான் ஒண்ணு கேக்கவா? நீ ஜன்னல் கேட்டியா, இல்லையா?”

“கேட்டேன்.”

“அப்ப அதைப் போட்டுடேன். பொய் இல்லையே.”

“நான் ஒண்ணு கேக்கறேன் அண்ணி. எட்டு ரூம் முன்னாடியே ஆகியிருந்தா, நான் ஜன்னல் கேட்டேன்னு மாத்தியிருப்பீங்களா?”

வேறு யாராக இருந்தாலும் ‘மாத்தியிருப்பேன்’ என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் அது போதுமாக இருந்திருக்கும்.

“தெரியலைடி” என்றார். “சத்தியமா தெரியல. ரெண்டும் ஒண்ணா வந்துச்சு. அவனுக்கு ஜன்னல் ஆச்சு, எனக்கு எட்டு ஆச்சுன்னு நினைச்சேன். அன்னிக்கு மதியம் நான் சந்தோஷமா இருந்தேன். அதை நினைச்சாத்தான்...”

“அழாதீங்க.”

“அழல. நீ ஆஸ்பத்திரின்னு போட்டா என்னை அனுப்பிடுவாங்க. போகட்டும். எனக்கு ஒரு வயிறுதான். ஆனா ரூம் ஏன் மாத்தினாங்கன்னு தோண்டுவாங்க. மூணு வருஷமா நாங்க பண்ணினது வெளிய வரும். மாடியை மூடிடுவாங்க. நர்ஸும் போயிடுவா. அவ இப்பவே ராத்திரியெல்லாம் தூங்கறதில்லையாம். மணி அடிக்கிற மாதிரியே இருக்காம்.”

“மூடினா என்ன அண்ணி? ஆளே இல்லாத மாடிதானே?”

இதை நான் குத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் குத்தியது. “ஆள் இல்லதான்” என்றார் அண்ணி. “நாங்க இருக்கோம்ல.”

போகும்போது வாசலில் நின்று திரும்பினார். “நீ எதைப் போட்டாலும் நான் வருவேன். பாத்திரத்தை ஊறப்போடாதே.”

7

முடிவுகள். நான் எழுதிப் பார்த்தவை.

முதலாவதில் நான் ‘நோயாளி தரப்பு’ என்று டிக் அடிக்கிறேன். அண்ணி இருக்கிறார். மாடி இருக்கிறது. நாலு நோயாளிகள் எட்டு அறைகளில் படுக்கிறார்கள். மணி அடிக்கிறது, யாரும் ஓடுவதில்லை. (அண்ணி இப்போது பதிவேட்டை மேசையை விட்டு எடுப்பதில்லை என்று சொன்னார். நம்புகிறேன். ஆனால் துடைக்கிற அம்மாவின் முழங்கை?) என்றைக்காவது இன்னொருத்தி டீ வாங்கப் போவாள். அதோடு, என் கணவரின் சாவுக்குக் காரணம் நான் என்று என் கையெழுத்திலேயே ஒரு தாள் எங்கோ ஓர் அலமாரியில் இருக்கும்.

இரண்டாவதில் ‘ஆஸ்பத்திரி தரப்பு’. நியாயமான முடிவு என்று வாசகர்களில் பலர் சொல்வீர்கள். மாடி மூடப்படுகிறது. விளக்குகள் அணைகின்றன. பதினான்கு பேர் பையை எடுத்துக்கொண்டு பதின்மூன்று பேருக்கான லிப்டில் இறங்குகிறார்கள், ஒருவர் மட்டும் அடுத்த தடவைக்குக் காத்திருக்கிறார். (இந்த வரியில் என் கணவர் சிரித்திருப்பார். அதற்காகவே எழுதினேன், அழகாக இருக்கிறது என்பதற்காக இல்லை.) அண்ணி என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் இருவரும் ஒரு தட்டையும் இன்னொரு தட்டையும் கழுவி வைக்கிறோம். வீட்டில் இடம் நிறைய இருக்கிறது.

மூன்றாவதில் இரண்டு கட்டத்திலும் டிக். அதுதான் நடந்தது. ஆனால் இரண்டும் நிரப்பிய படிவம் செல்லாது என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

நாலாவதில் படிவம் போகாமலே இருக்கிறது. அப்போது அவர்களே ஒரு கட்டத்தை நிரப்பிக்கொள்வார்கள். எதை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது இந்தத் தாள். இதைப் படிவத்தோடு இணைத்தால் ஏழாவது கேள்விக்கு நான் எதைப் போட்டாலும் ஒன்றுதான், மூன்றாம் பகுதியிலேயே விளக்கு, திரை, அட்டை எல்லாம் இருக்கிறது. இணைக்காவிட்டால் இது வெறும் கதை. கதையாக வைத்துக்கொண்டால் யாருக்கும் வேலை போகாது. எழுதத் தொடங்கியபோது இது எனக்குத் தோன்றவில்லை. விவரம் சொல்வதற்காக எழுதினேன். இப்போது எழுதியதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வியாகிவிட்டது.

நாளை கடைசித் தேதி. நான் முடிவைச் சொல்லாமல் விடுவது உங்களைச் சோதிப்பதற்காக இல்லை. இந்த வரி வரைக்கும் எழுதியும் எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை நீங்கள் இதைக் கதையாக ஒரு புத்தகத்தில் வாசித்துக்கொண்டிருந்தால், நான் இணைக்கவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். அவசரப்படாதீர்கள். தாளை நகல் எடுக்க முடியும். கட்டத்தை உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். நீங்கள் என் இடத்தில் உட்காருங்கள். அண்ணியின் இடத்திலும் ஒரு தடவை.

ஒன்றைத் தவிர மற்றதை எல்லாம் திருத்தியும் அடித்தும் பார்த்துவிட்டேன். அந்த ஒன்று இது. நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் மாடியில் நர்ஸ் மேசையிலிருந்து 314 வரைக்கும் நடந்தேன். முதலில் என் சாதாரண நடை, பிறகு வேகமாக, கடைசியில் நடைவழியில் யாரும் இல்லாததால் ஓடியும் பார்த்தேன். அடிகளின் எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் மாறியது. அதனால் தரையில் பதித்த கற்களை எண்ணினேன். போகும்போதும் தொண்ணூற்று நான்கு. வரும்போதும் தொண்ணூற்று நான்கு.